ஏற்கெனவே நம்முடையதற்கு ஓர் உரிமம்

ஓப்பன் கேம் லைசென்ஸ் (ஓஜிஎல்) 1.0ஏ ஒரு குட்டி ஆவணம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி&டி) என்ற மேசை விளையாட்டின் விதிகளை மற்றவர்களும் எடுத்தாள, அதன் சொந்தக்காரர்கள் தந்த அனுமதி அது. டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். டேபிள்டாப் ரோல்பிளே உலகில் இருபது வருடத்துக்கும் மேலாக அதைப் பெரிய கொடையாகவே பேசிவந்தார்கள். அதன் ஏழாவது பிரிவை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். இந்த உரிமத்தின் கீழ் புத்தகம் போடுகிறவர், அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோடு சேர்த்து விளையாட ஏற்றது என்று எழுதக் கூடாது. எழுத வேண்டுமென்றால் அந்தப் பெயரின் சொந்தக்காரரிடம் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும். உரிமத்தின் பக்கமே போகாமல் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர், லோகோவைத் திருடாமல், வாசகரைக் குழப்பாமல் அதே வரியை எழுதினால் அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஸ்கூட்டருக்கு பிரேக் ஷூ செய்து விற்கிறவர், 'இன்ன வண்டிக்குப் பொருந்தும்' என்று டப்பாவில் அச்சடிப்பதைப் போலத்தான்.

ஆக, உரிமத்தை ஏற்றுக்கொண்டவரிடமிருந்து, ஏற்காதவரிடம் இருக்கும் ஒன்று பறிபோகிறது. இந்த விசித்திரத்தைப் புரிந்துகொண்டால் ஓஜிஎல்லின் மீதிக் கதை தானாகப் புரியும்.

நானும் ஒரு சிறு விதிநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோழர் காலத்து வணிகக் குழுக்கள், கடல், கடன், கூட்டாளி துரோகம் என்று போகிற ஒரு ஆட்டம். சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு போதும். எழுத ஆரம்பித்ததும் விளையாட்டு நண்பர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, கதை எப்படி என்றோ பகடை எத்தனை என்றோ இல்லை, "எந்த லைசென்ஸ்ல போடப் போற?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததில் தேறியதுதான் இந்தக் கட்டுரை. நான் வழக்கறிஞன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு வரி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கேம் மாஸ்டர் என்ற ஒருவர் உலகத்தைச் சொல்கிறார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்கிறார்கள், சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்மானிக்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டி&டிதான் இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம் அதை வெளியிட்டது.

சரி, விதிக்கு யாராவது சொந்தக்காரர் ஆக முடியுமா? அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102ஆவது பிரிவு முடியாது என்கிறது. கருத்து, செயல்முறை, இயங்கும் முறை இவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. அவற்றை ஒருவர் எழுதிய எழுத்துக்குத்தான் உண்டு. இதன் வேர் 1879ஆம் வருடத்து பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் இருக்கிறது. செல்டன் ஒரு கணக்குப் பதிவு முறையைப் புத்தகமாக எழுதினார். பேக்கர் கிட்டத்தட்ட அதே முறையில் கணக்கேடுகள் தயாரித்து விற்றார். புத்தகம் செல்டனுடையதுதான், முறை யாருடையதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கேட்டுக்குச் சொன்னது பகடைக்கும் பொருந்தும். 2016இல் டெக்சாஸில் ஒரு சீட்டாட்ட வழக்கு வந்தது. 'பேங்!' என்ற இத்தாலிய ஆட்டத்தின் விதிகளை அப்படியே எடுத்து, கௌபாய்களுக்குப் பதில் சீன வரலாற்றுப் பாத்திரங்களை வைத்து இன்னொரு ஆட்டம் வந்திருந்தது. விதியை எடுத்தது குற்றமில்லை என்றே தீர்ப்பானது.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. ஃபேஸ்புக் புதிதாக வந்த நாட்களில் ஸ்க்ராபுலஸ் என்ற சொல் விளையாட்டு பரபரப்பாக ஓடியது நினைவிருக்கலாம். கொல்கத்தா சகோதரர்கள் இருவர் செய்தது. 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஸ்க்ராபிள் பலகைக்குப் பதிப்புரிமை கோரிய மட்டெல் நிறுவனத்துக்கு அந்த வாதத்தில் இடைக்காலத் தடை தரவில்லை. ஆனால் ஸ்க்ராபுலஸ் என்ற பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஆட்டத்தை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தார்கள்.

அப்படியென்றால் டி&டி விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமே, எதற்கு உரிமம்? இங்கேதான் சிக்கல். இருபது பக்கப் பகடையை உருட்டு, திறமைக்கான எண்ணைக் கூட்டு, இலக்கைத் தொட்டால் வெற்றி என்பது முறை. அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. ஆனால் தீப்பந்து மந்திரம் எப்படி வெடிக்கிறது என்று விவரிக்கும் பத்தி எழுத்து. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு திறன்களும் அதே வரிசையில் வந்தால்? நூற்றுக்கணக்கான மந்திரங்கள் அதே பெயரில், அதே நிலைகளில் அடுக்கப்பட்டிருந்தால்? ஒவ்வொன்றும் தனியாக வெறும் விதி என்று வாதாடலாம். சேர்ந்து வரும்போது அது ஒருவருடைய தேர்வு, ஒருவருடைய அடுக்கு என்றும் வாதாடலாம். டி&டி விஷயத்தில் இந்தக் கோட்டை நீதிமன்றம் கடைசிவரை போய் வரைந்து காட்டியதில்லை. வரைந்து முடிக்கும்வரை வழக்கு நடத்தப் பணமுள்ள சிறு பதிப்பாளரும் இல்லை.

டிஎஸ்ஆர் அந்தப் பயத்தை நன்றாகவே வளர்த்தது. முதலில் அடி வாங்கியது அவர்கள்தான் என்பது வேடிக்கை. 1974 பதிப்பில் ஹாபிட், என்ட், பல்ராக் எல்லாம் டோல்கீன் உலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தன. உரிமைக்காரர்கள் மிரட்டியதும் அவை ஹாஃப்லிங், ட்ரீயன்ட், பேலர் ஆகிவிட்டன. குட்டையான, வெறுங்காலோடு நடக்கிற, சாப்பாட்டுப் பிரியரான ஆள் அப்படியே இருந்தார், பெயர் மட்டும் போயிற்று. அப்புறம் டிஎஸ்ஆர் மற்றவர்கள் மேல் பாய்ந்தது. தன் நிறுவனத்தை இழந்து வெளியேறிய கைகாக்ஸ் 1990களின் தொடக்கத்தில் வேறொரு பதிப்பகத்துக்காகப் புது ஆட்டம் எழுதினார். பெயர் 'டேஞ்சரஸ் டைமென்ஷன்ஸ்'. முதலெழுத்துகள் இரண்டும் டி. டிஎஸ்ஆர் ஆட்சேபித்தது, பெயர் 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' ஆனது. அதோடும் விடவில்லை, வழக்குப் போட்டார்கள். 1994இல் சமரசம் ஆனபோது அந்த ஆட்டத்தின் உரிமையே டிஎஸ்ஆர் கைக்குப் போய்விட்டது. டி&டியை உருவாக்கியவருக்கே இந்த நிலைமை. அதே காலத்தில் இணையத்தில் ரசிகர்கள் பகிர்ந்த சாகசங்கள் (விளையாடுவதற்கான கதைத் திட்டங்கள்) மேலும் டிஎஸ்ஆர் கைவைத்தது. டிஎஸ்ஆர் என்பதன் நடு எழுத்துக்குப் பதில் டாலர் குறி போட்டு ரசிகர்கள் எழுத ஆரம்பித்தது அப்போதுதான்.

1997இல் டிஎஸ்ஆர் மூழ்கும் நிலைக்கு வர, மேஜிக் சீட்டாட்டத்தில் பணம் பார்த்திருந்த விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதை வாங்கியது. இரண்டு வருடத்தில் விஸார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் டி&டியின் மூன்றாம் பதிப்போடு ஓஜிஎல் வந்தது. இதன் சூத்திரதாரி ரயன் டான்சி. கட்டற்ற மென்பொருள் உரிமங்களைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது. அவர் கணக்கு வெளிப்படையானது: சாகசப் புத்தகங்களில் லாபம் குறைவு, விதிநூலில்தான் பணம். சாகசங்களை ஊரார் எழுதட்டும். எல்லோரும் ஒரே விதியில் விளையாடினால் கடைசியில் எல்லோரும் நம் விதிநூலைத்தான் வாங்குவார்கள். இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது கொடையும் அல்ல. இரு தரப்புக்குமான போர்நிறுத்தம். நான் வழக்குப் போட மாட்டேன், நீ என் பெயரைத் தொடாதே, அவ்வளவுதான்.

விதிகளை எஸ்ஆர்டி என்ற தனி ஆவணமாக வெளியிட்டார்கள். அதில் இருப்பதை வார்த்தைக்கு வார்த்தை எடுக்கலாம். அதற்கு விலையாக, 'ப்ராடக்ட் ஐடென்டிட்டி' என்று ஒதுக்கிய பட்டியலைத் தொடக் கூடாது. டி&டியின் சொந்த அரக்கர்களான பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட், யுவான்-டி என்று நீளும் பட்டியல் அது. ஒற்றை வார்த்தைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடைக்காது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், சட்டம் தடுக்காததையும் நீங்களே உங்களுக்குத் தடுத்துக்கொள்கிறீர்கள். ஏழாவது பிரிவின் சூட்சுமம் இதுதான்.

வடிவமைப்பை நேரடியாகக் கடித்தது இன்னொரு ஆவணம். டி20 (இருபது பக்கப் பகடை, அதாவது மூன்றாம் பதிப்பின் விதி) என்ற லோகோவை அட்டையில் போட்டுக்கொள்ள ஒரு தனி உரிமம் இருந்தது. கடைக்காரர்கள் அந்த லோகோவைப் பார்த்துத்தான் புத்தகத்தை அடுக்கினார்கள். அந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை: பாத்திரத்தை உருவாக்கும் முறையையும், அனுபவப் புள்ளி சேர்ந்து பாத்திரம் வளரும் முறையையும் நீங்கள் உங்கள் புத்தகத்தில் விளக்கக் கூடாது. இந்த ஆட்ட வகையில் பாத்திரம் உருவாக்குவதுதான் வாசல். ஒரு ஆட்டம் எதை மதிக்கிறது, எதைப் பரிசளிக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அதை எழுதக் கூடாது என்றால், நீங்கள் எழுதுவது என்றைக்கும் முழு ஆட்டம் ஆகாது. வாங்குகிறவர் விஸார்ட்ஸின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கையும் வாங்கியே ஆக வேண்டும். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். முழு ஆட்டம் வேண்டும் என்று நினைத்தவர்கள் லோகோவை விட்டுவிட்டு வெறும் ஓஜிஎல்லோடு போனார்கள். சூப்பர்ஹீரோ ஆட்டமான மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் அப்படிப் போனவற்றில் ஒன்று. 2003இல் பாலுறவை மையமாகக் கொண்ட ஒரு டி20 புத்தகம் வரப்போகிறது என்று தெரிந்ததும், லோகோ உரிமத்தில் அவசரமாகக் கண்ணிய விதிகள் நுழைந்தன. அந்தப் புத்தகம் லோகோ இல்லாமல் வந்து சேர்ந்தது.

இவை எழுத்தில் இருந்த தடைகள். எழுத்தில் இல்லாத தடை ஒன்று இருந்தது, என் கணக்கில் அதுதான் பெரியது. இலவசமாக, பயமில்லாமல் எடுத்தாளக்கூடிய, நன்கு சோதிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பக்க விதி கையில் இருக்கும்போது யார் புதிதாக யோசிப்பார்கள்? 2000க்குப் பின் சில வருடங்கள் எல்லாமே டி20 ஆனது. கௌபாய் திகில் ஆட்டமான டெட்லேண்ட்ஸுக்குச் சீட்டுக்கட்டும் போக்கர் சில்லும் வைத்து ஆடும் அழகான சொந்த விதி இருந்தது; அதற்கும் டி20 பதிப்பு வந்தது. திகில் ஆட்டமான கால் ஆஃப் க்துல்ஹுவுக்கு விஸார்ட்ஸே 2002இல் டி20 பதிப்பு கொண்டுவந்தது. மூல ஆட்டத்தில் உங்கள் ஆள் கடைசிவரை ஒரு நூலகரோ பேராசிரியரோதான். ஒரு துப்பாக்கிக் குண்டு போதும். படிப்படியாக நிலை உயர்ந்து, உயிர்ப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும் டி20 ஏணியில் அதே பேராசிரியரை ஏற்றினால் பயம் எங்கிருந்து வரும்? அந்தப் புத்தகம் நன்றாக எழுதப்பட்டது என்று ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு அது மூல ஆட்டத்தின் நடுக்கத்தைத் தொலைத்த புத்தகம்.

உரிமத்தில் எந்த வரியும் 'இப்படித்தான் யோசி' என்று சொல்லவில்லை. ஆனால் அதில் இருந்த எல்லாமே டி&டியின் இலக்கணம்: வகுப்பு (வீரன், மந்திரவாதி என்பது போல), நிலை, உயிர்ப் புள்ளி, சண்டைச் சுற்று. அதை எடுத்தவர்கள் அந்த இலக்கணத்தில்தான் வாக்கியம் அமைத்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், எதிர்ப்பக்கத்திலும் சில நல்லது நடந்தது. 2006இல் ஓஸ்ரிக் என்று ஒரு நூல் வந்தது. கடையில் கிடைக்காமல் போயிருந்த முதலாம் பதிப்பு அட்வான்ஸ்டு டி&டியின் விதிகளை, மூன்றாம் பதிப்பு எஸ்ஆர்டியின் சொற்களைக் கட்டுமானப் பொருளாக வைத்து மறுபடி எழுப்பினார்கள். பழைய விதியை விதி என்பதால் எடுத்தார்கள். மந்திரங்களின் பெயரும் மிருகங்களின் பெயரும் எஸ்ஆர்டியில் திறந்து கிடந்ததால் அங்கிருந்து எடுத்தார்கள். சட்டமும் உரிமமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நின்ற கட்டடம் அது. பழைய பாணி ஆட்டங்களின் ஒரு இயக்கமே அந்த வழியில் கிளம்பியது. விஸார்ட்ஸ் இதை எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது விஸார்ட்ஸ் ஓஜிஎல்லைத் தூக்கி வைத்துவிட்டு ஜிஎஸ்எல் என்ற கெடுபிடியான உரிமத்தை நீட்டியது. பலர் அதைத் தொடவில்லை. பைஸோ நிறுவனம் மூன்றாம் பதிப்பின் திருத்தமான பழைய 3.5 எஸ்ஆர்டியை எடுத்து, திருத்தி, 2009இல் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டு விஸார்ட்ஸுக்கே போட்டியாக நின்றது. ஓஜிஎல் 'நிரந்தரம்' என்ற நம்பிக்கை அன்றைக்கு உறுதிப்பட்டது.

நிரந்தரம் என்று நான்காவது பிரிவு சொல்லவும் செய்கிறது. 'திரும்பப் பெற முடியாதது' என்று எங்கும் சொல்லவில்லை. ஒன்பதாவது பிரிவில், உரிமத்தின் 'அங்கீகரிக்கப்பட்ட' எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அங்கீகாரத்தைக் கொடுப்பவர் எடுக்கவும் முடியுமா? இருபத்து மூன்று வருடம் யாரும் கேட்காத இந்தக் கேள்வியை 2023 ஜனவரியில் விஸார்ட்ஸே கேட்டது.

ஜனவரி 5ஆம் தேதி கிஸ்மோடோ செய்தித் தளத்தில் லிண்டா கோடெகா எழுதிய செய்தி, கசிந்த ஓஜிஎல் 1.1 வரைவை வெளியே கொண்டுவந்தது. பழைய 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்ட உரிமம் இல்லை. வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் வருமானம் என்றால் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் கப்பம்; கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளம் வழியாக வந்த பணமென்றால் 20. லாபத்தில் அல்ல, வருமானத்தில். அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும்: காகிதம், அச்சு, கப்பல், கிடங்கு எல்லாம் போக மிஞ்சுவதே 25 சதவீதம் வருமா என்பது சந்தேகம். அதற்கு மேல், நீங்கள் எழுதியதை விஸார்ட்ஸ் இலவசமாக, காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை வேறு.

அதற்கு முந்தைய மாதம்தான் விஸார்ட்ஸின் தலைவர் முதலீட்டாளர்களிடம், டி&டியிலிருந்து வர வேண்டிய அளவு பணம் வரவில்லை என்கிற மாதிரி பேசியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க யாருக்கும் கஷ்டம் இல்லை. எதிர்ப்புக் கடிதத்தில் பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். டி&டி பியாண்ட் என்ற விஸார்ட்ஸின் இணையச் சேவைக்கான சந்தாவை ரத்து செய்யச் சொல்லி ஓர் இயக்கம் பரவியது. டான்சியே வந்து, பழைய பதிப்பைச் செல்லாததாக்கும் அதிகாரம் ஹாஸ்ப்ரோவுக்கு இல்லை என்பதே தன் கருத்து என்றார். விஸார்ட்ஸ் முன்பு தன் இணையதளத்தில் வைத்திருந்த கேள்வி-பதிலிலும், புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதையே தொடரலாம் என்றுதான் இருந்தது. அதையும் தோண்டி எடுத்துக் காட்டினார்கள்.

ஜனவரி 19ஆம் தேதி 1.2 என்ற இரண்டாவது வரைவு வந்தது. கப்பம் போயிருந்தது. ஆனால் பழைய உரிமத்தைச் செல்லாததாக்கும் முயற்சி அப்படியே இருந்தது. வெறுப்பு உள்ளடக்கம் எது என்று முடிவு செய்யும் அதிகாரம் விஸார்ட்ஸ் ஒருவருக்கே. கூடவே இணையத்தில் கூடி விளையாட உதவும் மென்பொருள் மேசைகளுக்கு ஒரு கொள்கை. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மேஜிக் மிசைல் மந்திரம் பலகையின் குறுக்கே பாய்ந்து எதிரியைத் தாக்குவதுபோல அனிமேஷன் போட்டால், அது மேசை விளையாட்டு இல்லையாம். எந்த அசைவு மேசைக்குரியது, எது வீடியோ கேமுக்குரியது என்று ஒரு கம்பெனியின் சட்டப்பிரிவு உட்கார்ந்து யோசித்திருக்கிறது. உரிமம் வடிவமைப்புக்குள் எவ்வளவு தூரம் கையை நீட்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

கருத்துக்கணிப்பில் 15,000க்கும் மேற்பட்டவர்கள் பதிலளித்தார்கள். 88 சதவீதம் பேர் இந்த உரிமத்தில் எதையும் வெளியிட விருப்பமில்லை என்றார்கள். ஜனவரி 27ஆம் தேதி விஸார்ட்ஸ் பின்வாங்கியது. 1.0ஏவைத் தொட மாட்டோம் என்றது மட்டுமல்ல, ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் போட்டுவிட்டது. அந்த உரிமத்தில் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் தெளிவாக இருக்கிறது. கேட்பது ஒரு நன்றி வரி மட்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே, 'ஃபிஃப்த் எடிஷனோடு ஒத்துப்போகும்' என்று நீங்கள் போட்டுக்கொள்ளலாம் என்று விஸார்ட்ஸே சொல்லியிருக்கிறது. ஏழாவது பிரிவு மறுத்துவந்ததற்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது.

இதற்குள் பைஸோ தன் வழியைப் பார்த்துக்கொண்டது. ஜனவரி 12ஆம் தேதியே ஓஆர்சி என்ற புது உரிமத்தை அறிவித்தார்கள். ஜூனில் இறுதி வடிவம் வந்தது. அதை எழுதியது அஸோரா லா என்ற சட்ட நிறுவனம். அங்கிருந்த பிரையன் லூயிஸ்தான் 2000இல் விஸார்ட்ஸில் இருந்துகொண்டு ஓஜிஎல்லின் சட்ட வடிவத்தை உருவாக்கியவர். உலகம் சின்னதுதான். ஓஆர்சியில் எது திறந்தது, எது மூடியது என்று ஒவ்வொரு பதிப்பாளரும் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விதியின் செயல்பாட்டுக்குத் தேவையான எழுத்து தானாகவே திறந்துவிடும். பெயர், கதை, உலகம், படம் தானாகவே உங்களுடையதாக நிற்கும். யார் அதன் மேல் கட்டினாலும் அவர்களுடைய விதியும் அதேபோல் திறக்க வேண்டும்.

இந்தக் களேபரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அப்புறம் நடந்தது. பைஸோ தன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து ஓஜிஎல்லின் ஒவ்வொரு இழையையும் உருவி எடுக்க முடிவு செய்தது. ரீமாஸ்டர் என்று பெயர். 2023 நவம்பரில் முதல் நூல்கள் வந்தன. எது பொது, எது டி&டியின் சொத்து என்று வரிவரியாகப் பார்த்திருக்கிறார்கள். நல்லவன்-கெட்டவன், ஒழுங்கு-குழப்பம் என்று ஆளை ஒன்பது கட்டத்தில் அடைக்கும் அலைன்மென்ட் போயிற்று. மந்திரங்களின் எட்டுப் பள்ளிகள் போயின. 14, 18 என்று எழுதும் திறன் எண் போய், கூட்டவேண்டிய சிறு எண் மட்டும் மிஞ்சியது. மேஜிக் மிசைல் 'ஃபோர்ஸ் பராஜ்' ஆனது. நிறத்தாலும் உலோகத்தாலும் பிரித்த டிராகன்கள் போய்ப் புது டிராகன் குடும்பங்கள் வந்தன.

இதில் பாதியாவது, சட்டம் கேட்காவிட்டாலும் செய்திருக்க வேண்டிய வேலை. திறன் எண் 14 என்று எழுதி, ஆட்டத்தில் +2 மட்டும் பயன்படுத்துவது எத்தனை வருடமாக எத்தனை புதியவர்களைக் குழப்பியிருக்கிறது! நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்கும்: "அப்ப 14 எதுக்கு?" பழக்கம் என்பதைத் தவிர அதற்குப் பதில் இல்லை. அலைன்மென்ட் போனதும் ஒரு மதகுரு எதை நம்புகிறார், எதைச் செய்ய மாட்டார் என்று நேரடியாக எழுத வேண்டியதாயிற்று. அது பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கிறது. இலவச விதி தாராளமாக இருந்த காலத்தில் யாரும் தொடாத இடங்களை, அது பறிபோகும் என்ற பயம் வந்ததும் தொட்டார்கள்.

எல்லா உரிமமும் இப்படிக் கண்ணைத் திறக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2020இல், கால் ஆஃப் க்துல்ஹுவை வெளியிடும் கேயாஸியம், 1 முதல் 100 வரை பகடை உருட்டும் தன் பிஆர்பி விதிக்கு பிஆர்பி ஓஜிஎல் என்று ஒன்றை வெளியிட்டது. அதில் 'தடைசெய்யப்பட்ட உள்ளடக்கம்' என்று ஒரு பட்டியல். ஒரு திறமையைக் கொண்டு இன்னொன்றுக்கு வலுச்சேர்க்கும் விதி, பாத்திரத்தின் பற்றுகளுக்கு எண் கொடுக்கும் விதி, இவற்றையும் இவை போன்றவற்றையும் எழுதக் கூடாது. க்துல்ஹு புராணக் கதைகள், பதிப்புரிமை இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பகுதிகள் உட்பட, ஆகாது. ஆர்தர் அரசர் கதையான 'லெ மோர்ட் டார்தர்' தொடர்பானதும் ஆகாது. பதினைந்தாம் நூற்றாண்டுப் புத்தகம்! கையெழுத்திடாதவர் அதைத் தாராளமாக எடுக்கலாம், கையெழுத்திட்டவர் எடுக்கக் கூடாது. மூன்று வருடம் கழித்துக் கேயாஸியமே அதை விட்டுவிட்டுத் தன் விதியை ஓஆர்சிக்குக் கொண்டுபோனது. நல்ல முடிவு.

உரிமமே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. வின்சென்ட் பேக்கரும் மெக்வே பேக்கரும் 2010இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் அப்படிப்பட்டது. எங்கள் விதியிலிருந்து உந்துதல் பெற்று நீங்கள் ஒன்றைச் செய்தால் அது உங்களுடையது, எங்கள் வார்த்தைகளை எடுப்பதானால் மட்டும் கேளுங்கள் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. சட்டம் சொல்வதைத்தான் பண்போடு திருப்பிச் சொல்கிறார்கள். அதிலிருந்து கிளம்பிய ஆட்டங்களைப் பார்த்தால், டி20 அலையில் வந்ததைவிட ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கின்றன. பேயும் காதலும் பள்ளிக்கூடமுமாக ஒன்று, சூப்பர்ஹீரோ விடலைகளாக இன்னொன்று. எடுத்தாளத் தயாராக ஒரு பெரிய எழுத்துக் குவியல் இல்லாததால், ஒவ்வொருவரும் தன் வார்த்தையில் எழுத வேண்டியிருந்தது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இது என் ஊகம்.

இனி என் ஆட்டம். ஐந்தாம் பதிப்பு எஸ்ஆர்டியின் மேல் கட்டுவது சுலபம். சட்டப்படி ஒரு தொல்லையும் இல்லை, நன்றி வரி ஒன்று போதும். எஸ்ஆர்டி 5.1 பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளிலும் அதே உரிமத்தில் கிடைக்கிறது. தமிழில் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 2025இல் வந்த 5.2வும் அப்படியே. ஆர்வமுள்ளவர்கள் தாராளமாக இறங்கலாம். தமிழில் விளையாட விரும்பும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவியாக இருக்கும். ஆனால் கடன் பத்திரத்துக்கும் பருவக்காற்றுக்கும் பயப்படும் வணிகருக்கு உயிர்ப் புள்ளி எதற்கு? அவர் செத்துப்போவதைவிடச் சொல் தவறி நம்பிக்கை இழப்பதுதான் இந்த ஆட்டத்தில் பெரிய தோல்வி. அதை வகுப்பு-நிலை ஏணியில் வைக்க முயன்றால், நாலாவது அமர்வில் எல்லோரும் கடற்கொள்ளையரோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். ஏனென்றால் அந்த விதிக்கு அதுதான் நன்றாகத் தெரியும்.

அதனால் விதியை முழுவதும் சொந்த வார்த்தையில் எழுதுகிறேன். இரண்டு பகடைக் கூட்டல், நடுவில் வந்தால் 'ஆம், ஆனால் ஒரு செலவோடு' என்ற முறை பல ஆட்டங்களில் இருப்பதுதான், எடுத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்று முன்னுரையில் எழுதுவேன். சட்டம் கேட்பதற்காக இல்லை, மரியாதைக்காக. விதிப் பகுதிக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய். கட்டற்ற தமிழ் மின்னூல்கள் வழியாக நம்மில் பலருக்கு அந்த உரிமக் குடும்பம் பழக்கமானதுதான், யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையையும் யோசித்தேன். நம் ஊரில் யாராவது இதை வைத்து நூறு பிரதி அச்சடித்து விற்று அச்சுக்கூலியை எடுக்க முடிந்தால் அதில் எனக்கு என்ன நஷ்டம்? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஓஆர்சியும் மோசமில்லை; ஆனால் என் விதியை எடுத்து ஒருவர் புதிதாக ஒரு கடன் விதி எழுதினால், அதையும் அவர் திறந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. விதி திறந்தது என்பதை சட்டமே சொல்லும்போது நான் ஏன் அதன் மேல் ஒரு நிபந்தனையை ஒட்ட வேண்டும்?

கதை உலகத்தை மட்டும் தனி நூலாக, வழக்கமான பதிப்புரிமையோடு வைத்துக்கொள்கிறேன். துறைமுகங்களின் வரலாறு எல்லோருக்கும் பொது. நான் கற்பனை செய்த ஆட்களும் அவர்களுடைய பகையும் என்னுடையவை. இரண்டையும் ஒரே புத்தகத்தில் போட்டு எது திறந்தது, எது மூடியது என்று நிறத்தாலும் கட்டத்தாலும் குறித்துக் காட்டும் ஓஜிஎல் காலத்து வழக்கத்தைவிட, இரண்டு புத்தகம் சுத்தமாக இருக்கும்.

இன்னும் முடிவாகாத ஒன்றும் இருக்கிறது. விதிநூலில் விளையாட்டு உதாரணங்கள் வருகின்றன: ஒரு வணிகர் நாகப்பட்டினத்தில் மிளகை அடகு வைக்கிறார், பகடையில் 8 விழுகிறது, கூட்டாளி கையை விரிக்கிறார். இந்த அரைப் பக்கம் விதியா, கதையா? ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அது தேவை, அதனால் திறக்க வேண்டும் என்கிறது ஒரு மனம். ஆனால் அந்தக் கூட்டாளி உலக நூலில் முக்கியமான ஆள். இப்போதைக்கு, உதாரணங்களில் வரும் ஆட்களை எல்லாம் மாற்றி, உலக நூலில் இல்லாத புது ஆட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று அத்தியாயம் முடிந்திருக்கிறது, கடன் அத்தியாயம் பாக்கி.